என் வாசலின் பாசி

கன்னியப்பனின் வண்டியிலிருந்து ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. தேன்மொழி வழுக்கி விழுந்தது என் வீட்டுத் தண்ணீரில். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூடிக்கொண்டா இருந்தேன்? மூடியிருந்தாலாவது பரவாயில்லையே... திறந்து பொய் சொன்னேன்!

நீங்கள் என்னைத் தெருவில் பார்த்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவீர்கள். ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போகிறவன். முப்பது வருஷமாகத் தோல் கிடங்கில் செலக்ஷன் வேலை. ஒரு தோலை எடுத்து விரலால் தடவினால் போதும், எந்த ரகம், எங்கே கத்தி பட்டிருக்கிறது, எங்கே உப்பு தின்றிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் இந்த விரலுக்கு எங்கள் ஊரில் மதிப்பு உண்டு. அந்த மதிப்பை வைத்துத்தான் ஒரு மனிதனைத் தெருவை விட்டே விரட்டினேன்.

முதலில் வாசலைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டைப் புதுப்பித்தபோது வண்டி ஏற்றுவதற்காக வாசலில் ஒரு சாய்வு கட்டினேன். என் வீட்டுப் படியோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. சாக்கடையை மூடிக்கொண்டு, தெருவுக்குள் இரண்டடி நீட்டி, மேலே பளபளவென்று டைல்ஸ் ஒட்டினேன். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அப்படித்தானே கட்டியிருக்கிறார்கள்! துணி துவைக்கும் மெஷினின் தண்ணீர்க் குழாய்க்கு இறங்கச் சாக்கடை இல்லை, நான்தான் மூடிவிட்டேனே... அதனால் அது சாய்வின் மேலேயே ஓடி, டைல்ஸின் விளிம்பில் தேங்கி, தெருவில் வழிந்தது.

துப்புரவு வேலைக்கு வரும் அம்மா ஒருநாள் சொன்னார். "பாய், இந்தச் சாய்வு முன்பக்கம் கொஞ்சம் உடைச்சாத்தான் சாக்கடைல தூரு வார முடியும். தண்ணி வேற நிக்குது பாருங்க, பச்சையா புடிக்குது."

எனக்கு வந்ததே கோபம்! "என் வாசல்ல கை வெக்காதம்மா. தெருவப் பாக்குறது உங்க வேல. அதப் பாருங்க."

கவனித்தீர்களா? உடைக்க வந்தால் அது என் வாசல். வழுக்கினால் அது நகராட்சியின் தெரு. ஒரே இரண்டடி நிலம்! இந்தக் கணக்கை யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. நீங்களும் நானும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வருகிறோம் போலிருக்கிறது.

இரண்டு வருஷம் முந்தி, கார்த்திகை மழை. நாலு நாள் விடாத தூறல். என் சாய்வின் விளிம்பில் பச்சைப் பாசி விரலளவு தடித்திருந்தது. பார்த்தேன். விடியற்காலை ஃபஜர் தொழுகைக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போனேன். தாண்டத் தெரிந்த எனக்குச் சுரண்டத் தெரியவில்லையா? மழை நிற்கட்டும் என்று விட்டேன்.

தேன்மொழி நாலு வீடு தள்ளி இருக்கிறவள். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் மெஷினில் உட்காருகிறவள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வரும். அன்றும் சாப்பாட்டுப் பையோடு வேகமாக நடந்து வந்திருக்கிறாள். எதிரே ஒரு வேன் வந்ததால் ஓரம் ஒதுங்கியிருக்கிறாள். எங்கள் தெருவில் ஓரம் என்றால் என்ன? என் சாய்வுதான்.

"அம்மா!" என்ற ஒரே சத்தம். நான் வெளியே ஓடிவந்தபோது வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை இருக்கவேண்டிய திசையில் இல்லை.

மளிகைக்கடை சம்பத் முதலில் கத்தினார். "இன்னா அநியாயம் இது! அந்த ஜவ்வு வண்டிக்காரன் வேலதான்! தெனம் ஒழுக்கிகினே போறான். நான் அப்பவே சொன்னேன், எவனும் கேக்கல!"

ஜவ்வு வண்டி என்றால் கன்னியப்பனின் லோடு ஆட்டோ. தோலின் உட்புறத்திலிருந்து சீவி எடுக்கிற கொழுப்பையும் ஜவ்வையும் தொழிற்சாலையிலிருந்து ஏற்றிக்கொண்டு, எங்கள் தெரு வழியாகப் பசை காய்ச்சும் இடத்துக்குப் போவான். நாற்றம் பிடித்த வண்டிதான். எங்கள் ஊரில் எது நாறினாலும், எது வழுக்கினாலும் முதலில் தோல் கழிவைத்தான் சொல்வோம். நிறைய நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆகவே அன்றைக்கு யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"பாய், நீங்க தோல் ஆளு, நீங்க பாத்து சொல்லுங்க" என்றார் சம்பத்.

குனிந்தேன். ஒரு விரலால் தொட்டேன்.

கொழுப்பு என்றால் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்க்கத் தேய்க்கச் சூடேறும், பிசுக்கென்று ஒட்டும், மூன்று முறை சோப்பு போட்டாலும் வாடை போகாது. இது சில்லென்று இருந்தது. நகத்தில் பச்சையாக ஏறியது. முகர்ந்தேன்... என் மனைவி ஷாஹிதா வாங்கும் சலவைத்தூளின் மல்லிகை வாசம்!

பத்துப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொழுப்பு மாதிரிதான் தெரியுது" என்றேன்.

மாதிரி! எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். முழுப்பொய் சொல்லவும் பயம், உண்மை சொல்லவும் பயம். மாதிரி என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் மறுமையில் தப்பித்துக்கொள்ளலாம் என்றா நினைத்தேன்? யாரை ஏமாற்றப் பார்த்தேன்?

தேன்மொழியை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட்டம் கலைந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு டப்பா பிளீச்சிங் பவுடரையும் தென்னை நார் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வந்து, முழங்கால் போட்டு, விளிம்பு முழுக்கத் தேய்த்தேன். பச்சை போகும்வரை தேய்த்தேன். தடயத்தை அழித்தேன்!

போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். சம்பத் கடையிலிருந்தே சொன்னார். "எவனோ ஒழுக்கினதுக்கு இந்த வயசுல பாய் உக்காந்து தேய்க்கிறாரு பாரு. மனுஷன்னா இவரு மனுஷன்!"

நான் நிமிரவில்லை. மறுக்கவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகையில் பள்ளிவாசல் ஹஜ்ரத் பயான் சொன்னார். பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதும் ஈமானில், இறைநம்பிக்கையில், ஒரு பங்கு என்று. சிறுவயதிலிருந்து கேட்டது, என் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்தது. சொல்லிவிட்டு ஹஜ்ரத், "நம்ம தெருவுலயே ஒரு சகோதரர் இத செஞ்சு காட்டினாரு" என்று புன்னகையோடு என் பக்கம் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் என் தொடையில் தட்டினார். இடைஞ்சலை வைத்தவனே நான்தான் என்று எழுந்து சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்குமா? அல்லாஹ்வின் வீடு! சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்...

அடுத்த வாரம் தெருக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஜவ்வு வண்டியை மாற்றச்சொல்லித் தொழிற்சாலைக்கு மனு கொடுத்தார்கள். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து வந்தேன். கன்னியப்பன் என் வாசலில் நின்றுகொண்டிருந்தான். குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். நாறும் என்று யாரும் முகத்தைச் சுளிக்கக்கூடாதென்று அப்படி வந்திருக்கிறான்.

"பாய், ட்ரம்முக்கு மூடி போட்டு, மேல தார்ப்பாய் கட்டித்தான் ஓட்டறேன். ஒரு சொட்டு ஒழுகியிருந்தா என்ன செருப்பால அடிங்க. நீங்க சரக்கு தெரிஞ்சவரு. தொட்டுப் பாத்தீங்களாமே? அது கொழுப்பு இல்லன்னு ஒரு வார்த்த வந்து சொல்லிடுங்க பாய். உங்க பேச்ச மேனேஜர் கேப்பாரு. லோட வேற ஆளுக்கு மாத்தறேன்றாங்க. ஊடு கட்டாம வாங்கின வண்டி பாய் அது."

"இருட்டா இருந்துச்சுப்பா. நான் சரியா பாக்கல."

"ஏழு மணிக்கா பாய்?"

சிரித்தபடியேதான் கேட்டான். என்னை மடக்கவேண்டும் என்று கேட்கவில்லை. பெரியவர் ஏதோ தவறிச் சொல்கிறார், நினைவுபடுத்துவோம் என்று கேட்டான்.

"மழ மூட்டம்ப்பா... அதுவும் எனக்கு இப்பல்லாம் கண்ணு சரியில்ல."

கண்! முப்பது வருஷமாக விரலால் பிழைத்தவன் கண்ணின் மேல் பழியைப் போட்டேன். "சரி பாய், வரேன்" என்று போனான். அவன் நின்றிருந்த இடம் அந்தச் சாய்வுதான். அவன் காலடியில்தான் ஷாஹிதாவின் மெஷின் தண்ணீர் நுரையோடு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கீழே பார்த்திருந்தால் போதும்! பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து நாளில் லோடு கைமாறியது.

ஜனவரியில் கனடாவிலிருந்து என் மகள் நஸ்ரின் வீடியோவில் பேசினாள். அவள் புருஷன் கையில் பெரிய மண்வாரியோடு வீட்டுக்கு வெளியே நடைபாதையிலிருந்து பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடி மாதிரி உறைந்திருந்த இடத்தில் உப்பைத் தூவினான்.

"ரோட்டு வேலைய மாப்ள ஏன் செய்யறாரு? அங்கல்லாம் ஆளுங்க இல்லயா?" என்று கேட்டேன்.

"நம்ம ஊட்டு முன்னாடி நாமதான் அப்பா சுத்தம் பண்ணணும். விடிஞ்சதும் பண்ணிடணும். யாராவது வழுக்கி உழுந்தா நம்மளத்தான் கேப்பாங்க. போஸ்ட் குடுக்க வர்ற கிழவர் ஒருத்தர் இருக்காரு, அவரு கால ஊனி நடக்கணுமே, பாவம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. வரி வாங்குகிறவன் செய்யமாட்டானா, வீட்டுக்காரன் தலையில் கட்டுவதா, இது என்ன நாடு, என்ன சட்டம் என்று மகளிடம் சத்தம் போட்டேன். அவள், "இன்னாப்பா, உங்களையா பனி வாரச் சொன்னேன்?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஷாஹிதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்று மாலை அவள் மெஷினைப் போடவில்லை. வாளியில் துவைத்தாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்? இன்றுவரை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுவாரம் பிளம்பரை வரவழைத்தேன். சாய்வின் முன்பக்கத்தை உடைத்து, குழாயைச் சாக்கடைக்குள் இறக்கினேன். அரை நாள் வேலை. தேன்மொழியின் கையை ஒடித்தது இந்த அரை நாள் சோம்பேறித்தனம்தான்!

அதோடு எங்கள் தெருவில் வழுக்கல் நின்றுவிட்டது. தண்ணீர் இல்லை, பாசி இல்லை. தெரு அதை எப்படிப் புரிந்துகொண்டது தெரியுமா?

"பாத்தீங்களா பாய்?" என்றார் சம்பத். "அவன் வண்டி நின்னுச்சு, வழுக்கலும் நின்னுச்சு. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

நான் திருத்தியதே அவன்மேல் குற்றத்தை உறுதியாக்கிவிட்டது. எப்படிப்பட்ட அக்கிரமம் இது! இதைக் கேட்டு எனக்கு நெஞ்சு கொதித்தது. சம்பத்தின் மேல் கொதித்தது, மனு எழுதியவன் மேல் கொதித்தது, ஒரு பேச்சுக்காகக்கூடக் குனிந்து பார்க்காத அந்தப் பத்துப் பேர் மேலும் கொதித்தது. எல்லார் மேலும் கொதித்துவிட்டு, சம்பத்திடம் "ம்" என்றேன்.

தேன்மொழியின் மணிக்கட்டு கோணலாகக் கூடியிருக்கிறது. மெஷினில் உட்கார முடியாது. கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் மேசையில் போட்டிருக்கிறார்கள். கன்னியப்பன் பேரை எடுத்தாலே, "அவன் நல்லாவே இருக்கமாட்டான்" என்கிறாள். அவளுடைய சாபம் யார் வீட்டு முகவரிக்குப் போய்ச் சேரவேண்டும் என்று எனக்குத் தெரியும். நெற்றியைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு சஜ்தாவிலும் அதைத்தான் நினைக்கிறேன். அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அடியானுக்குச் செய்த அநியாயத்தை அந்த அடியான்தானே மன்னிக்கவேண்டும்? இது ஓதத் தொடங்கும் பிள்ளைக்கே தெரியும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் குடியாத்தம் போனேன். பஸ் ஸ்டாண்டில் லுங்கி மூட்டைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த ஒருவன், "பாய்!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தான். கன்னியப்பன். இளைத்திருந்தான். ஆட்டோவை விற்றுவிட்டானாம். இங்கே தறிக்காரர்களுக்கு மூட்டை தூக்குகிறானாம்.

சொல்லிவிடவேண்டும். இதுதான் நேரம்... என்று வாயைத் திறந்தேன்.

அவன் முந்திக்கொண்டான். என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "ஊரே என்ன திட்டுச்சு பாய். மூஞ்சிக்கு நேரா காறித் துப்பினாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்த திட்டல. நான் இன்னிக்கும் எங்க ஊட்டுல அத சொல்லுவேன். டீ சாப்பிட்டுத்தான் போகணும், ஆமா."

அவனே டீ வாங்கிக் கொடுத்தான். அவன் கையிலிருந்து நான் வாங்கினேன். குடித்தேன். முழுக்கக் குடித்தேன்.

"இன்னொரு டீ சொல்லட்டா பாய்?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது! நீங்கள் யாரோ, நான் யாரோ. குடியாத்தம் பஸ் ஒரு மணி நேரம்தான். அரை மணிக்கு ஒன்று போகிறது. நான் இன்னும் ஏறவில்லை.