எட்டக்காவின் ஐந்து மின்முனைகள்

ஆய்வகத்தில் அவளுக்கு எட்டக்கா என்று பெயர். ஈரத்துணியில் வெள்ளைப் பொடியைக் குழைத்து, கரைசலில் முக்கி அளக்கும், பேனா பருமனுள்ள மின்முனையின் நுனியை எட்டு எழுதுவது போலத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். கண்ணாடியாக மின்னும்வரை விடமாட்டாள். அதன் மேல் கண்ணுக்கே தெரியாத பாலிமர் பூச்சை ஏற்றுவதும் அவள்தான். மூளையில் சுரக்கும் டோபமைனை அளக்கப் போனால், வைட்டமின் சி முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து நிற்கும். அதை விரட்டிவிட்டு டோபமைனை மட்டும் உள்ளே விடுகிற பூச்சு. பதினோரு வருடமாக இதே வேலை. ஆனாலும் வருடா வருடம் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நீடிக்கும்.

அந்தத் தலைவர்தான் நேற்று, இரண்டு நாள் பார்வையிட வந்திருந்த நிபுணர்கள் முன்னால் அவள் மானத்தை வாங்கினார். டோபமைன் கரைசலை அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும்; தண்ணீர் போல நிறமில்லாமல் இருக்க வேண்டும். பெரிய மனிதர் மூன்று நாள் பழசை எடுத்து ஊற்றினார். காற்றுப் பட்டுப் பழுப்பேறிக் கிடந்தது அது. "பழசு சார்" என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அவள் தேய்த்த ஆறு மின்முனைகளில் ஒன்றை அதில் முக்கியதும், திரையில் நிமிர வேண்டிய டோபமைன் கோடு படுத்துவிட்டது.

"இவ ஒழுங்கா தேய்க்கல," என்றார். மீதி ஐந்து மின்முனைகளையும் சாட்சிக்கென்று தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். தவறை ஒப்புக்கொண்டு எழுதித் தராவிட்டால் இந்த முறை கையெழுத்து கிடையாதாம்.

"எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க அண்ணி," என்றாள் வீட்டில் நாத்தனார். எட்டக்கா மாட்டேன் என்றாள். செய்யாத தப்புக்கு எதற்கு எழுத வேண்டும்?

காலையில் புதுக் கரைசல் கலக்கிவைத்துக்கொண்டு தலைவரையும் நிபுணர்களையும் கூப்பிட்டாள். "அலமாரியத் தொறந்து நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க சார்."

கொடுத்தார். முக்கினாள். கோடு ஜம்மென்று எழுந்தது.

தலைவர் நிபுணர்களைப் பார்த்துச் சிரித்தார். "நேத்து போட்ட போடுல இன்னிக்கு நல்லா தேச்சிருக்கா, பாத்தீங்களா?"

என்ன வாய் இது.

"சாவி உங்க பையிலதானே சார் இருந்துது?"

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. "சரி சரி. கடிதம் ஒண்ணும் வேணாம். போய் வேலையப் பாரு."

அவள் நகரவில்லை. "இவங்க முன்னாலதான திட்டுனீங்க. இவங்க முன்னாலயே சொல்லுங்க."

அலமாரி திறந்தே கிடந்தது. அவள் இரண்டாவதை எடுத்து முக்கினாள். அதுவும் எழுந்தது. மூன்றாவதை எடுத்தாள்.

"சரியாத்தான் தேச்சிருக்கா," என்று முனகினார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

"ஜன்னல்கிட்ட இல்ல சார். அவங்ககிட்ட."