மூன்றாம் தடவை

அவருடைய நாடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பியானோவின் முன் நிமிர்ந்து இருப்பவர், இசைத்தாளில் பக்கத்தின் கடைசி வரி நெருங்கும்போது அந்த முகவாயை ஒரு விரல் அகலம் தாழ்த்துவார். இடப்பக்கக் கதிரையில் இருக்கும் நான் எழுந்து, தாளின் மேல் மூலையைப் பிடித்து, ஓசையில்லாமல் புரட்டிவிட்டு உட்கார வேண்டும். "வீட்டில நாலு தரம் கூப்பிட்டாலும் திரும்பாத மனுசன், அங்க ஒரு நாடி அசைஞ்சா எழும்பி நிக்குது" என்று மனைவி சிரிப்பாள்.

அவர் எங்கள் மகளின் பியானோ ரீச்சர். ஆர்மேனியப் பெண்மணி. யெரவானில் படித்து, மாஸ்கோவில் பரிசு பெற்று, ஐரோப்பாவின் பெரிய மண்டபங்களில் வாசித்தவர். சோவியத் நாடு உடைந்தபின் மெல்பேர்ணுக்கு வந்து, ஸ்பிரிங்வேல் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சிறிய யூனிற் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வருடத்தில் ஒன்றிரண்டு கச்சேரிகளும் செய்தார். பாடநேரங்களில் மூலையில் இருந்து, சுரக்குறிப்பைக் கண்ணால் பின்தொடரும் அளவுக்கு நானும் தேறியிருந்தேன். மகள் பல்கலைக்கழகம் போய்ப் பாடத்தை விட்டுவிட்டாள். நான் அங்கே போவதை விடவில்லை. அவருடைய பெட்டியில் கலைந்து கிடந்த நிகழ்ச்சித் தாள்களைத் திகதிவாரியாக அடுக்கி, எந்த ஊரில் எதை வாசித்தார் என்று ஒரு கொப்பியில் எழுதினேன். "மிஸ்டர் கலண்டர், நான் மறப்பதற்காகவே நீங்கள் எழுதுகிறீர்கள்" என்பார் தன் கரடுமுரடான ஆங்கிலத்தில்.

அப்போது அது பகிடி. தாளை முன்னால் வைத்து வாசிப்பவர்களைப் பார்த்து, "குடை பிடித்துக்கொண்டு குளிக்கிறார்கள்" என்று நக்கலடித்தவர் அவர். வாழ்நாள் முழுவதும் மனப்பாடமாகவே வாசித்தவர் ஒருநாள் என்னை அழைத்து, பக்கம் புரட்டத் தெரியுமா என்று கேட்டபோது, ஏன் என்று நான் கேட்கவில்லை.

சிட்னியின் பரமட்டாவில் ஒரு பெரிய கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. சிட்னியில் அவர் வாசித்ததே இல்லை. அதற்கு முன்னோட்டமாக ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் பகுதி மண்டபத்தில் வாசித்தார். இரண்டாவது உருப்படியில் ஒரு பகுதியை இருமுறை வாசிக்க வேண்டும். முதல்முறை முடிந்ததும் தாளைப் பின்னுக்குப் புரட்டினேன். இரண்டாம் முறை முடிந்து, முன்னுக்குப் புரட்டக் கை வைத்தபோது, அவருடைய விரல்கள் மறுபடியும் தொடக்கத்துக்கே போய்விட்டன. மீண்டும் பின்னுக்குப் புரட்டினேன். அந்தச் சுற்றும் முடியப்போனபோது, நாடி தாழும்வரை காத்திராமல் அடுத்த பக்கத்தைத் திருப்பி, விலகாதபடி விரலால் அழுத்திப் பிடித்தேன். அவர் கண்கள் அதில் பட்டன. விரல்கள் கண்களின் பின்னால் போயின. சபையில் ஒருவரும் அறியவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

உடைமாற்றும் அறையில் சப்பாத்தைக் கழற்றியபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "எத்தனை தரம்?"

"மூன்று" என்றேன்.

மறுநாள் காலை சிட்னிக்குத் தொலைபேசி எடுத்துக் கச்சேரியை நிறுத்திவிட்டார். அதன்பின் அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை.

விஷயம் தெரிந்த அன்று மனைவி கேட்டாள்: "ரெண்டு எண்டு சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

"கேட்டவ. சொன்னனான்."

"ஓம், கணக்குப் பிழைக்கேல்ல. மனுசிதான் முடிஞ்சுது."

அவள் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பரமட்டாவில் சபைக்கு முன்னால் நான்காம் சுற்றில் சிக்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்றும் யோசித்துப் பார்க்கிறேன். யோசித்தே அலுத்துவிட்டது.

இப்போது அவர் டார்னெய்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நகரத்தில் ரயில் மாறி, பிறகு பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் முழங்கால் இரண்டும் கனத்துவிடும். என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது; நான் எல்லாவற்றையும் எழுதி வைப்பவன் என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது. போன கிழமை, ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று கேட்டார்: "சிட்னியில் சபை எழுந்து நின்றதா?"

"ஓம், நின்றார்கள்."

"எவ்வளவு நேரம்?"

"நான்கு நிமிடம்" என்றேன்.