அந்த எண்ணுக்கு வரும் ஒரே செய்தி

"தங்கள் மின் இணைப்பின் பெயர் மாற்றம் ஏற்கப்பட்டது." தை மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை என் கைபேசிக்கு வந்த செய்தி. நாட்குறிப்பில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே "இவ்வளவு சீக்கிரமா?" என்று மட்டும் இருக்கிறது.

கார்த்திகைக் கடைசியில் அந்த அடுக்குமாடி வீட்டை எங்கள் பெயருக்குப் பதிந்தோம். விற்ற அக்காவின் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அதற்கு முந்தைய பங்குனியில் இறந்துவிட்டார். மகளோடு முத்தையாபுரத்தில் இருக்கப் போவதால் அக்கா வீட்டைக் கொடுத்தார். சாவியைத் தரும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"வீட்டு வரி, தண்ணி வரியெல்லாம் இன்னைக்கே மாத்திக்கிடுங்க தம்பி. கரண்டை மட்டும் பங்குனியில அவுக வருசப் பூசை முடியவும் மாத்துங்க. அவுக போனை நான் சார்ஜ் போட்டுத்தான் வச்சிருக்கேன். பேங்க்காரன்கூட அவுகள மறந்துட்டான். கரண்ட்காரன்தான் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பில்லு மெசேஜ் போட்டுக் கூப்பிடுதான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தபடி, "அதுக்கென்னக்கா" என்றேன்.

மார்கழிப் பில் வந்த அன்று அக்காவே போன் செய்து தொகையைப் படித்தார். "அவுக போனு சத்தம் போட்டுச்சு தம்பி. அடுப்புல பால வச்சிட்டு ஓடியாந்தேன்." பூசைக்கு முன்னால் இனி மாசிப் பில் ஒன்றுதான் பாக்கி.

பத்திரத்தில் ஒரு பெயரும் மின்கணக்கில் இன்னொரு பெயரும் இருப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. "சும்மா இருந்தா உங்களுக்குக் கை அரிக்குமே" என்றாள் என் மனைவி. நான் ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் பழைய வீட்டுக்குப் பெயர் மாற்ற ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆகியிருந்தன. இப்போது மனுப் போட்டால் எப்படியும் பங்குனி தாண்டிவிடும். என் வேலையும் முடியும், சொன்ன சொல்லும் நிற்கும். அலுவலகத்தின் தாமதத்தை நம்பி, மார்கழி முடிவதற்குள் மனுவை இணையத்தில் ஏற்றினேன். கைபேசி எண் கேட்ட இடத்தில் என் எண்ணைக் கொடுத்தேன்.

செய்தி வந்த அதே வாரம், பழைய முகவரிக்கு வந்திருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பற்றிக் கேட்க அக்கா பேசினார். போனை வைக்கும்போது, "மாசிப் பில்லு வந்ததும் சொல்லுதேன் தம்பி" என்றார். நான் "சரிக்கா" என்றேன். அந்தச் "சரிக்கா"தான் இன்னும் என் காதில் நிற்கிறது.

மறுநாள் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், பில் செய்தி போகும் எண்ணோடு அக்காவிடம் இருக்கும் பழைய எண்ணையும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

"ஒரு நம்பர்தான் ஏறும் அண்ணாச்சி. ஆளாளுக்கு அனுப்ப இதென்ன கல்யாணப் பத்திரிகையா?" என்றார் அங்கிருந்தவர்.

"அப்போ என்னோடதை எடுத்துட்டுப் பழசைப் போடுங்க."

"யார் நம்பரு இது?"

"முன்னால இருந்தவர் நம்பர்."

"பில்லு அவர் கட்டுவாரா?"

எண்ணை எழுதிக் கொடுத்தேன். மாற்றிக் கொடுத்தார். ஆனாலும் இனி அந்தப் போன் சத்தம் போட்டால் அது என் பெயரில் உள்ள கணக்குக்காகத்தான். பாலை அடுப்பில் விட்டுவிட்டு அக்கா ஓடிவருவது என் பில்லுக்காக. இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

மாசியில் மீட்டர் கணக்கெடுத்துப் போனார்கள். என் கைபேசிக்கு எதுவும் வரவில்லை. அக்காவும் தொகையைச் சொல்லக் கூப்பிடவில்லை. பூசைக்கு எங்களையும் அழைத்திருக்கிறார். தொகையை நானே தேடிப் பார்த்துக் கட்டிவிட்டேன்.

அக்காவுக்கு ஒரு போன் செய்து கேட்டால் தெரிந்துவிடும். அப்படிக் கேட்டால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். எனவே நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: மாசிச் செய்தி அந்தப் போனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது இதை எழுதும் வரை உறுதி செய்யப்படவில்லை.