கடிதத்தில் இருந்த வீடு

சென்னைக்கு வந்த புதிதில் பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒன்றையேதான் சொன்னார்கள்: "எப்படியோ சொந்த நாட்டுக்கு வந்து சேந்துட்டே." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் மலேயாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில். அப்பா அங்கே கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. அறுபதுகளின் கடைசியில் என்னை அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுக்கக் கப்பலில் கூட்டிவந்தார். திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் முடிந்து அப்பா திரும்பிக் கப்பலேறிய பிறகுதான் இவருக்கு தி. நகரில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. மயிலாப்பூரில் குடியேறினோம். பாஷை என் பாஷைதான், சாமியும் என் சாமிதான். மற்றதெல்லாம் எனக்கு வெளிநாடு.

ஏழு குடித்தனத்துக்கு ஒரு குழாய், ஒரு குளியலறை, ஒரு கக்கூஸ். எங்களுக்கு ஓர் அறையும் அதை ஒட்டிச் சமையலுக்கு ஒரு தடுப்பும். குளிக்கப் போனால் அடுத்த ஆள் செம்போடு வெளியே நின்று இருமுவார். முதல் மாதமே குழாயடியில் இவருடைய சம்பளம், என் சங்கிலி எத்தனை சவரன், இன்னும் ஏன் ஒன்றும் விசேஷமில்லை என்று சகல விசாரணையும் முடிந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு கொஞ்சம் படுத்தேன். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். எனக்கோ அழுகையாக வந்தது.

எங்கள் எஸ்டேட் வீடு தூண்கள்மேல் நிற்கும் பலகை வீடு. ஐந்து படி ஏறினால் வராந்தா. பின்னால் ரம்புத்தான் பழ மரங்கள். பிற்பகல் நாலு மணிக்குத் தகரக் கூரைமேல் மழை இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. மயிலாப்பூரில் நாலு மணிக்கு நான் வானத்தைப் பார்ப்பேன். வெள்ளையாக, காய்ந்துபோய்க் கிடக்கும். அந்த வீட்டை நினைத்து நான் ஏங்கிய ஏக்கத்தை இவரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. தாங்கவே முடியாமல் போனால் திரும்பிப் போக அப்படி ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில்தான் குழாயடியில் குடத்தோடு நின்றேன்.

அம்மாவின் முதல் கடிதம் வந்தது. வீடு எப்படி என்று கேட்டிருந்தாள். நீலநிற ஏர் லெட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளதை எழுதினால் அவள் சாப்பிடமாட்டாள். "வீடு வசதியாக இருக்கிறது, பின்னால் மரங்கள் உண்டு" என்று எழுதினேன். என்ன மரம் என்று அடுத்த கடிதத்தில் கேள்வி. அப்புறம் நிறுத்த முடியவில்லை. மாதத்துக்கு ஒன்று என்று நான்கு வருஷம் எழுதினேன். வராந்தா வந்தது, படி வந்தது, ஒரு தடவை ரம்புத்தான்கூடக் காய்த்தது. "என்ன, இன்னைக்கு மாடி எடுத்தாச்சா?" என்று இவர் கேலி செய்வார். நான் எழுதிக்கொண்டே இருப்பேன். எழுதுகிற அந்த அரைமணி நேரம் நான் அங்கே இருந்தேன்.

ஐந்தாவது வருஷம் அம்மா எழுதினாள், தெரிந்தவர்களோடு அடுத்த கப்பலில் வருகிறாளாம், பத்து நாள் என்னோடு இருப்பாளாம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுத்த போர்ஷன் மாமியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அழுதுண்டு உக்காந்தா கப்பல் நின்னுடுமா?" என்றாள் மாமி. "வரட்டும். பெத்தவளண்ட என்ன வெக்கம்? உங்காத்துல இடம் போறலேன்னா எங்காத்துல படுத்துக்கட்டும்."

துறைமுகத்தில் அம்மா இளைத்துத் தெரிந்தாள். ரிக்‌ஷாக்காரர் டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இம்மாம் கனம் கீது, கல்லு கொணாந்தியா?" என்றார். அம்மா என் காதில், "அவரு என்ன பாஷைடி பேசுறாரு?" என்று கேட்டாள். சிரிக்க வேண்டிய இடம். நான் வாடகை பேசப் போனேன்.

அறைக்குள் வந்து பார்த்தாள். பின்பக்கம் போய்க் குழாயையும் துவைக்கிற கல்லையும் பார்த்தாள். கைகால் கழுவிக்கொண்டு வந்து காப்பி கேட்டாள். அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலை நான் எழுந்தபோது அவள் குடத்தோடு வரிசையில் நின்று, மாமியோடு மூட்டுவலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கடைசி நாள் சாயங்காலம் கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். நொச்சிக்குப்பம் பக்கம் நடந்தோம். ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். கரையேற்றி வைத்திருந்த படகுகளைத் தாண்டி மணலில் உட்கார்ந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, நான் எழுதினதெல்லாம் பொய்."

"பொய்யா? அது நம்ம வீடுடி. நான் கூட்டிப் பெருக்கின வீடு எனக்குத் தெரியாதா?" என்றாள். "எஸ்டேட்டத் துண்டு போட்டு வித்துட்டாங்க. அப்பாவுக்கு வேலை போயி ரெண்டு வருசமாச்சு. வீட்டப் பிரிச்சு பலகையா ஏலம் விட்டாங்க. இப்ப டவுன்ல ஒரு கடைக்கு மேல ஒத்த ரூம்ல இருக்கோம்."

எஸ்டேட் தபால் ஒழுங்காக வருவதில்லை, கடை விலாசத்துக்கு எழுது என்று அவள் கடிதத்தில் சொன்னது ரெண்டு வருஷத்துக்கு முன்புதான். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. மணலில் உட்கார்ந்தபடியே தேம்பித் தேம்பி அழுதேன். செத்துப்போனவர்களுக்கு அழுவதுபோல் அழுதேன். திரும்பிப் போக இனி எனக்கு எதுவும் இல்லை.

அம்மா என் முதுகைத் தடவினாள். "உன் லெட்டர் வந்தா அப்பா நாலு தடவ படிக்கச் சொல்லுவாரு. நான் உங்கிட்ட சொல்லிட்டேன்னு அவருக்குத் தெரிய வேணாம். எழுதறத மட்டும் விட்டுடாத."

அவள் கப்பலேறிய மறுவாரம் எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. இதுவரை எனக்காக எழுதியது, இனி அப்பாவுக்காக எழுத வேண்டும். ரொம்ப நேரம் கழித்து, மேல்படிப் பலகை ஆடுகிறது, ஆசாரியை வரச்சொல்லியிருக்கிறோம் என்று எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தது. எப்போதும் அம்மாதான் எழுதுவாள். இந்தத் தடவை அப்பாவின் ஆபீஸ் கையெழுத்து, வரி கோணாமல் இருந்தது. படிக்கு லேசான பலகை மழைக்குத் தாங்காது, கெட்டியான மரமாகப் பார்த்துப் போடச் சொல் என்று எழுதியிருந்தார். ஆசாரி வரும்போதே சமையற்கட்டு ஜன்னலின் கீழ்த்தாழ்ப்பாளையும் காட்டிவிடு, அது மழைக்காலத்தில் எப்போதும் இறுகிக்கொள்ளும் என்று எழுதியிருந்தார்.

எஸ்டேட் வீட்டின் அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி நான் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை.