திறப்போடு மலையேறிய வைதேகி

வைதேகிக்கு நாற்பத்தேழு வயது. மெல்பேர்னின் கிளென் வேவர்லியில் வீடு, இரத்தப் பரிசோதனைக்கூடமொன்றில் வேலை. கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் சமையலுக்கு முதலில் கூப்பிடப்படும் ஆள். ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஏழு குடும்பங்கள் மூன்று வான் வண்டிகளில் பனி பார்க்கப் போவார்கள். பேர்போன மலைக்கல்ல, மெல்பேர்னிலிருந்து மூன்று மணித்தியாலம் தள்ளி, ஞாயிறன்றும் கூட்டம் சேராத ஒரு சின்ன மலைக்கு. மற்றவர்கள் பனியை உருட்டி எறிந்து விளையாட, வைதேகி வானின் பின்கதவடியில் நிற்பாள். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் அவள் பொறுப்பு. ஒரு வருடம் அவரவரே போட்டுச் சாப்பிடட்டும் என்று விட்டதில், கடைசி ஆறு பேருக்கு எலும்பும் குழம்பும்தான் மிஞ்சின. அன்றிலிருந்து அகப்பை அவள் கையை விட்டு இறங்கியதில்லை. நாலு வருடமாக அந்த மலையில் அவள் கண்டதெல்லாம் கறிச்சட்டியின் ஆவிதான் என்றால் பெரிய பொய்யில்லை.

ஒன்றை மட்டும் கண்டிருந்தாள். முதல் வருடம், சட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தபோது, எதிர்ச் சரிவில் அவள் வயதொத்த ஒரு வெள்ளைக்காரி சறுக்குக் கட்டைகளில் தனியே சறுக்கி வந்தாள். சத்தமில்லை, அவசரமில்லை. பனிப்புகாருக்குள்ளிருந்து வந்து, இரண்டு வளைவு வளைந்து, மறுபடி புகாருக்குள் போய்விட்டாள். யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதுதான் வைதேகியின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு இரத்த மாதிரிக் குழாய்களுக்கு லேபல் ஒட்டும்போதும் ரயிலில் நிற்கும்போதும் அவளும் மனசுக்குள் மெல்ல மெல்லச் சறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே ஒருதரம், விழாமல், தானாக இறங்கவேண்டும். கணவர் யோகேஸ்வரனிடம் சொன்னால் "இந்த முழங்காலோடயோ?" என்று கேட்பார். ஆகவே சொல்லவில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், பதினொரு மணிப் பனிச்சறுக்கு வகுப்புக்கு இணையத்தில் இரகசியமாகப் பதிந்தாள். மலைக்குப் போன அன்று, சாப்பாடு இருந்த வானைப் பூட்டி, "ரொயிலெற்றுக்குப் போட்டு வாறன்" என்று போனவள்தான்.

வகுப்பில் மூன்றே பேர். மற்ற இருவரும் ஏழு வயதுப் பிள்ளைகள். சொல்லித்தந்த கேற் என்ற இளம்பெண், கால்களைப் பீட்சாத் துண்டு மாதிரி முன்னால் ஒடுக்கிப் பின்னால் அகட்டி வைக்கச் சொன்னாள். வைதேகி பதினொரு தரம் விழுந்தாள். பிள்ளைகள் எண்ணிச் சொன்னார்கள். வெட்கப்பட அவளுக்கு நேரமில்லை. ஒரு மணிக்குச் சாப்பாடு.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஆட்களைச் சரிவின் உச்சிக்கு ஏற்றும் நகரும் பட்டை அவளை மேலே கொண்டுபோய் விட்டது. பனி போர்த்த யூக்கலிப்டஸ் மரங்கள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றன. தன் மூச்சு மட்டுமே கேட்டது. வேலையில்லை, வீடில்லை, கிழமை என்னவென்ற நினைப்பில்லை. நான் இருக்கிறேனா என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் இனித்தது.

புகார் விலகியது. கீழே வானைச் சுற்றி இருபத்தேழு பேர் கடுதாசிக் கோப்பையோடு நின்றார்கள். வைதேகி கோட்டுப் பைக்குள் கைவிட்டாள். காலையில் பூட்டிய வானின் திறப்பு. அத்தனை பேரின் சாப்பாடும் அவள் பைக்குள் இருந்தது.

அதுவரை ஒருவரும் அவளைத் தேடவில்லை, பசித்ததும் தேடினார்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும். நடையில்கூடக் கம்பீரம் குறையாத யோகேஸ்வரன், மேலே அவளுடைய சிவப்புக் கோட்டைக் கண்டு, சப்பாத்து வழுக்க வழுக்க ஓடி வந்தார்.

"வைதேகீ! திறப்பு! திறப்பு!"

வைதேகியின் கை தன்பாட்டில் சறுக்குக் கட்டையின் கொளுவியை நோக்கிப் போனது. கழற்றிவிட்டுக் கரையால் ஓடினால் இரண்டு நிமிடம். இருபது வருடமாக அப்படித்தான் ஓடியிருக்கிறாள். பாதி குனிந்தவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. நிமிர்ந்தாள்.

"அஞ்சு நிமிசம் பசி கிடந்தா ஒருத்தரும் சாகமாட்டினம்" என்று பக்கத்தில் நின்ற கேற்றிடம் தமிழில் சொன்னாள். கேற் எல்லாம் விளங்கியதுபோலத் தலையாட்டினாள்.

சறுக்கினாள். காற்று கன்னத்தைத் தொட்டது. முதல் வளைவு. மரங்கள் மெல்லப் பின்னால் போயின. "வைதேகீ!" என்ற குரல் யாரோ ஒருத்தியின் பெயர்போலக் காதைக் கடந்தது. இரண்டாவது வளைவு. விழவில்லை. யோகேஸ்வரனுக்கு இரண்டடி தள்ளித் தானாக நின்றாள்.

"நீரோ வந்தனீர்?" அவர் வாய் மூடவில்லை.

"ஓம்."

"சரி, வாரும். கறி ஆறுது."

அவளுக்குக் கண் கலங்கியது. சந்தோசம்தான், ஆனால் முழுசாக இல்லை. திறப்பை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "அகப்பை சட்டிக்குப் பக்கத்தில கிடக்கு. ஆளுக்கு மூண்டு துண்டு போடுங்கோ."

"அப்ப நீர்?"

"இப்ப நீங்கள் கூப்பிடக் கூப்பிடத்தானே இறங்கினனான். ஒருத்தரும் கூப்பிடாமல் ஒருக்கா இறங்கோணும். போட்டு வாறன்."

அவள் பட்டையில் ஏறினாள். சிவப்புக் கோட்டைப் புகார் மூடியது. எத்தனை துண்டென்று கேட்க வாய் திறந்த யோகேஸ்வரன், அதை மூடிக்கொண்டு வானை நோக்கி நடந்தார்.