விரலை அசைக்காதீங்க அங்கிள்

டர்பன்டைன், ரப்பர் ஹோஸ், புது ஆணி... சிங்கப்பூர் ஜாலான் புசார்ல சுந்தரம் அங்கிளோட ஹார்ட்வேர் கடைக்குள்ள நுழைஞ்சதுமே இந்த மூணு வாசனையும் சேர்ந்து மூக்குல ஏறும். குறுகலான மரப்படி ஏறினா மேல அவங்க வீடு.

அப்போ நான் ரிசர்ச் அசிஸ்டென்ட். முதல் வேலை. படிக்கும்போதும் எழுதும்போதும் மூளையில என்ன நடக்குதுங்கிறதுதான் எங்க லேப்போட ஆராய்ச்சி. செவ்வாய்க்கிழமை ஆனா கிளமெண்டியிலேருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்துடுவேன்.

அங்கிளுக்கு ஸ்ட்ரோக் வந்து அப்போ ரெண்டு மாசம். பேச்சு நல்லா இருந்துச்சு. எழுதவும் எழுதுவார். ஆனா படிக்க வராது... தான் எழுதினதையே ரெண்டு நிமிஷம் கழிச்சுக் காட்டினா முழிப்பார். "சீனக் கடை போர்டைப் பாக்குற மாதிரி இருக்கும்மா"ம்பார்.

படிக்க முடியலைன்னா டிவி பாத்துட்டுப் போகட்டுமேன்னு தோணலாம். அந்த வீட்டுல அது நடக்காது. அவர் மனைவி கமலா ஆன்ட்டிக்கு முன்னாடியே தொண்டையில ஆபரேஷன் ஆகி, குரல் போயிருந்துச்சு. ஒரு சின்ன நோட்டுல எழுதிக் காட்டித்தான் புருஷனோட பேசுவாங்க.

இப்போ அவங்க எழுதுறதை அவரால படிக்க முடியலை. ஜாடைதான். சோறா டீயான்னு கேக்க ஜாடை போதும்... மத்ததுக்கு?

அதனால என் டெஸ்ட்டை அவர் பரீட்சை மாதிரி எடுத்துக்கிட்டார். நான் ஸ்க்ரீன்ல வார்த்தை காட்டணும், அவர் வாய்விட்டுப் படிக்கணும். சரியா தப்பான்னு நான் சொல்லக்கூடாது, முகத்துல கூட காட்டக்கூடாது. ஒவ்வொண்ணுக்கும் சரியாமான்னு கேப்பார். நான் கல்லு மாதிரி உட்கார்ந்து, ஓகே அங்கிள், அடுத்ததும்பேன்.

இன்னொரு ரூலும் இருந்துச்சு. கை ரெண்டும் டேபிள் மேல ஆடாம இருக்கணும். அங்கிளோட ஆள்காட்டி விரல் சும்மாவே இருக்காது, தொடை மேல எதையாவது கிறுக்கிக்கிட்டே இருக்கும்.

"விரலை அசைக்காதீங்க அங்கிள்."

எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. அசைச்சா அந்த வார்த்தைக்கு நேரா செல்லாதுன்னு குறிச்சிடுவேன். ரொம்ப ஒழுங்கான பொண்ணு நான்.

விரலை அடக்கினதும் அவர் படிக்கிறது இன்னும் மோசமாச்சு. நாலாவது வாரம், டெஸ்ட் பாதியில எழுந்து ஜன்னல்கிட்ட போயிட்டார்.

"விடுமா. இனி அவ என்கிட்ட பேசப்போறதில்லை."

டீ கொண்டுவந்த ஆன்ட்டி ட்ரேயைக் கீழ வெச்சாங்க. அத்தனை வாரமும் அவங்க என் லேப்டாப்பைப் பாக்கலை, அவர் விரலைத்தான் பாத்திருக்காங்க. நேரா போய் அவர் உள்ளங்கையை விரிச்சு, தன் விரலால மெதுவா எழுத ஆரம்பிச்சாங்க.

அங்கிள் கண்ணை மூடிக்கிட்டார். "மா... த்... தி... மாத்திரை... மாத்திரை போட்டீங்களா?"

ஆன்ட்டி தலையாட்டினாங்க.

"மூணு மாசம் கழிச்சுப் பேசுறா லா... அதுவும் அதட்டத்தான்." சிரிச்சுக்கிட்டே சொன்னவர், அப்படியே அழுதுட்டார். நானும்தான்.

கண்ணுக்குப் பிடிபடாத எழுத்தை, விரல் போற போக்கை வெச்சு அவர் படிச்சிக்கிட்டு இருந்திருக்கார். அதைத்தான் நாலு வாரமா நான் தடுத்துக்கிட்டு இருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் என் சூப்பர்வைசர் தலையில அடிச்சிக்கிட்டாங்க. நீ செல்லாதுன்னு போட்டது அத்தனையும்தான் முக்கியமான டேட்டான்னாங்க. வெக்கமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு.

அதுக்கப்புறம் வந்த செவ்வாய்க்கிழமைகள் இருக்கே...

நான் படியேறினா ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு சண்டை போட்டுக்கிட்டு இருப்பாங்க. அவர் வாயால, அவங்க விரலால. கோபம் வந்தா ஆன்ட்டி அழுத்தி எழுதுவாங்க, அவர் கையை இழுத்துக்குவார், அவங்க விடமாட்டாங்க. சண்டை முடியட்டும்னு நான் டீயோட உட்கார்ந்திருப்பேன். அப்படிக் காத்திருந்த சந்தோஷம் அப்புறம் எந்த வேலையிலயும் எனக்குக் கிடைக்கலை.

இப்போ எனக்குன்னு ஒரு சின்ன லேப். கண்ணு எந்த எழுத்துல நிக்குதுன்னு சொல்ற மெஷினெல்லாம் இருக்கு. கடை இருந்த இடத்துல சின்ன ஹோட்டல் வந்துடுச்சு. அங்கிள் போய் ஒரு வருஷம் ஆச்சு.

போன மாசம் தேக்கா மார்க்கெட்ல ஆன்ட்டியைப் பாத்தேன். மகன் டேப்லெட் வாங்கிக் கொடுத்திருக்கார். அவங்க டைப் பண்ணினா அது செய்தி வாசிக்கிற மாதிரி பேசுது. ஏன் மெலிஞ்சிட்டேன்னு அதுதான் என்னைக் கேட்டுச்சு.

கிளம்பும்போது டேப்லெட்டைப் பைக்குள்ள வெச்சிட்டு, என் உள்ளங்கையை விரிச்சாங்க. எழுதினாங்க.

கண்ணை மூடிக்கிட்டேன். முதல் எழுத்து 'அ'... அதுக்கு மேல எதுவும் பிடிபடலை. இன்னொரு தடவை எழுதுங்க ஆன்ட்டின்னேன். எழுதினாங்க. அப்பவும் தெரியலை. இத்தனை வருஷமா இதையே படிச்சிக்கிட்டு இருக்கிறவ நான்.

மூணாவது தடவை பாதியிலேயே நிறுத்திட்டாங்க. என் விரலையெல்லாம் மடக்கிவிட்டு, பரவாயில்லைங்கிற மாதிரி தட்டிக்கொடுத்துட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துட்டாங்க.

அங்கிளா இருந்தா முதல் தடவையிலேயே படிச்சிருப்பார். படிச்சிட்டு ஏதாவது வம்பும் இழுத்திருப்பார்.