பிணைக்கு வைத்த பெயர்

டாங்விஸ்டிலை ஊரில் எல்லோரும் டாங்வி என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி இட்வல் வாயிலிருந்து முழுப் பேரும் வந்தால் அவனுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம். அன்றைக்கு வாசலில் நின்று, சேற்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல், முழுப் பேரையும் சொன்னான்.

“அக்கான்னு கூப்பிட்டா வாய் சுளுக்கிக்குமா?” என்றாள் அவள். “என்ன, நான்ட்லாஸுக்குப் போகணுமா?”

“நான் ஒண்ணும் சொல்லலியே.”

“உன் மூஞ்சி சொல்லுதே.”

நான்ட்லாஸ் அவர்கள் சித்தப்பாவின் பண்ணை. இப்போது சித்தப்பா மகன் ட்ரெவோர் பார்க்கிறான். மலைக்கு இந்தப் பக்கம் இட்வலின் பண்ணை பென்கெரிக், அந்தப் பக்கம் நான்ட்லாஸ். மேலே வேலி என்று ஒன்று கிடையாது. தாய் ஆடு மேய்ந்த சரிவிலேயே குட்டியும் மேயும். ஆட்டுக்கு வேலி மண்டைக்குள்ளேயே இருக்கிறது. மனுஷனுக்குத்தான் இல்லை. அந்த வசந்தத்தில் இட்வலின் நாய்களில் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ட்ரெவோரின் சினை ஆடுகளை விரட்டியது. ட்ரெவோர் துப்பாக்கியை எடுத்தான். சட்டம் ட்ரெவோர் பக்கம். ஆனால் குட்டியிலிருந்து வளர்த்த நாயைக் குழிக்குள் போட்டு மூடியவனிடம் போய்ச் சட்டம் பேச முடியுமா? அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. இப்போது ஆட்டு மயிர் வெட்டும் காலம் வந்துவிட்டது. மலை ஆடு முழுவதையும் இறக்க வேண்டும். ஒரு பண்ணை ஆளும் நாயும் மட்டும் போய் அந்த மலையை வாரி இறக்க முடியாது.

“ஒரு எட்டு போய்ட்டு வா. நீ சொன்னா கேப்பான். உன் பேரே அதுக்குத்தானே வெச்சது” என்று சொல்லிச் சிரித்தான் இட்வல்.

அவள் சிரிக்கவில்லை. அவன் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் விளையாட்டில்லை.

அப்பா எலிஸும் சித்தப்பா மோர்கனும் தங்கள் அப்பன் செத்த வருஷத்தில், மலை மேய்ச்சலில் யாருக்கு எவ்வளவு என்று, ஆட்டுப் பட்டிக்குள்ளேயே கட்டிப் புரண்டவர்கள். ஒருத்தருக்குப் பல் போனது. இன்னொருத்தருக்கு விரல் ஒடிந்தது. சபைப் போதகர் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே இருக்கிற மனுஷன் அவர். எலிஸுக்கு அப்போதுதான் பெண் பிறந்திருந்தது. “அந்தக் காலத்து ராஜாக்கள் சண்டையை நிறுத்தினா, வாக்கு மாறாம இருக்கறதுக்கு எதிராளி வீட்டுல ஒரு பிள்ளையைப் பிணையா விட்டு வைப்பாங்க. சமாதானத்துக்குப் பிணைன்னு அர்த்தத்துல ஒரு பேரே இருக்கு” என்று அந்தப் பேரை எடுத்துக் கொடுத்தார்.

ராஜாக்கள் காலத்தில் பெரிய வீட்டுப் பெண்களுக்கு இருந்த பேர். அப்புறம் மேரியும் ஆனும் மார்கரெட்டும் வந்து அதை அடித்துக்கொண்டு போய்விட்டன. பல தலைமுறையாக அதைத் தூசி தட்டி எடுத்தவர்கள் அபூர்வம். பிறப்பைப் பதியப் போனபோது குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நல்லா யோசிச்சுதான் வெக்கறீங்களா?” என்று கேட்டாராம். பள்ளியில் திரும்பிய பக்கமெல்லாம் ஆன், மென்னா. டாங்விஸ்டில் அவள் ஒருத்திதான்.

பேரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு கோடையிலும் மயிர் வெட்டு முடியும்வரை அவளை நான்ட்லாஸில் விட்டுவிடுவார் அப்பா. சித்தி நல்லவள்தான். ஆனால் ஓர் ஆடு கணக்கில் குறைந்தால் சாப்பாட்டு மேசையில் அத்தனை கண்ணும் இவள் தட்டின் மேல் விழும். ஏதோ இவள்தான் ஆட்டைப் பாவாடைக்குள் ஒளித்து வைத்த மாதிரி. வளர்ந்த பிறகு தூது. “அந்தத் திருட்டுப் பயல்கிட்ட சொல்லு” என்று இங்கே புறப்படுகிற பேச்சு, சதுப்பு நிலத்தைத் தாண்டி அங்கே போய்ச் சேரும்போது “அப்பா விசாரிச்சார்” என்று மாறியிருக்கும். ஊர் மெச்சியது. இரண்டு பெரியவர்களும் மண்ணுக்குள் போனார்கள். மகன்கள் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

நடுவில் க்வின் என்று ஒருத்தன் இருந்தான். பால் லாரி ஓட்டியவன். ரெக்ஸம் நகரத்தில் வேலை கிடைத்து, கட்டிக்கொண்டு வா என்று கூப்பிட்டான். அந்த இலையுதிர் காலத்தில் மலையடியில் வயலைப் பிரிக்கிற கல் சுவர் இடிந்து, யார் கட்டுவது என்று மறுபடியும் தகராறு. “இந்த ஒரு வருஷம் பொறும்மா” என்றார் அப்பா. க்வின் அந்த ஒரு வருஷம் பொறுத்தான். அவள் இன்னும் ஒரு வருஷம் கேட்டாள். அதை அவன் தரவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. அப்புறம் பள்ளிக்கூடச் சமையலறை, சாலையோரச் சின்ன வீடு, ஜன்னலைத் திறந்தால் இரண்டு பண்ணைப் புகையும் தெரிகிற வாழ்க்கை. அறுபது நெருங்கிவிட்டது.

“நான் போகல, இட்வல்” என்றாள். “இந்தத் தடவை நீயே போ.”

அவன் நம்பாமல் பார்த்தான். “போகலையா? அப்போ ஆடு?”

“ஆடு உன்னுது.”

கதவை அறைந்துவிட்டுப் போனான்.

மறுநாள் அவன் மகள் மெலரி கைக்குழந்தையோடு வந்தாள். இட்வல்தான் அனுப்பினானோ என்று டாங்விக்குச் சந்தேகம். இல்லை, வேறு சங்கதி.

“அத்தை, பாப்பாவுக்குப் பேர் முடிவு பண்ணிட்டேன். உங்க பேர்!”

டாங்வி கையிலிருந்த ரொட்டிக் கத்தியை மேசையில் வைத்தாள்.

“ஏன் இப்படி வெறிக்கிறீங்க? போன வருஷப் பேர்ப் பட்டியல் முழுக்கத் தேடினேன். ஒரு குழந்தைக்குக்கூட இந்தப் பேர் இல்ல. எல்லாரும் மாபிலி மாபிலின்னு வெச்சுத் தள்றாங்க. இது ராணி மாதிரி இருக்கு. அப்பாவுக்கும் ரொம்ப சந்தோஷம். ஞானஸ்நானத்துக்கு ட்ரெவோர் சித்தப்பாவைக் கூப்பிட்டுடலாம், பேரைக் கேட்டா அவர் மனசு இளகிடும்னு சொன்னார்.”

“சொன்னானா அப்படி?”

“ஆமா. ஏன்?”

“வேணாம்டி. வேற எது வேணா வை. நாய்க்குட்டின்னுகூட வை.”

மெலரி முகம் சுருங்கியது. “உங்க பேரு உங்களுக்கே புடிக்காதா?”

டாங்வி சொல்லப் பார்த்தாள். மேசை, தட்டு, சதுப்பு நிலம், பால் லாரி. எடுத்துச் சொன்னால் எல்லாம் சின்னச் சின்ன சமாச்சாரமாகத் தெரிந்தது. யாரும் அவளை அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. “அது பேர் இல்ல, வேலை” என்று மட்டும் சொன்னாள். மெலரிக்குப் புரியவில்லை. பழரொட்டியைத் தொடாமலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். டாங்வி இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தாள். பிள்ளை பெற்றவளின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று ஒரு பக்கம். போட்டது போதாதோ என்று இன்னொரு பக்கம்.

அந்த வாரம் மழை விட்டு ஒரு நாள் வெயில் அடித்தது. மயிர் காய்ந்திருந்தால்தான் வெட்ட முடியும். ஆக, சொல்லி வைத்துக்கொள்ளாமலே இட்வலும் ஏறினான், ட்ரெவோரும் ஏறினான். இரண்டு பக்க விசிலும் கேட்டு நாய்கள் குழம்ப, இரண்டு பண்ணை ஆடும் ஒரே வெள்ளமாக மலையடியில் இருந்த பழைய கல் பட்டிக்குள் வந்து விழுந்தன. டாங்வி தேநீர்ப் பாத்திரத்தோடு அங்கே இருந்தாள். அந்த வேலையை அவள் மறுத்ததில்லை. மெலரியும் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அத்தையைப் பார்த்தும் பாராதது போல் நின்றாள்.

பண்ணைக்குப் பண்ணை வேறான காதுவெட்டு அடையாளம் பார்த்து ஆட்டைப் பிரிக்க வேண்டும். இரண்டு ஆண்களும் பட்டி வாசலுக்கு ஆளுக்கொரு பக்கம். நடுவே ஒரு ஆடு போகும் இடம்.

“அக்கா, அவன்கிட்ட சொல்லு. அந்தக் கொம்பு உடைஞ்சது என்னுது” என்றான் இட்வல்.

“டாங்வி, அவனுக்குக் கண்ணு போச்சான்னு கேளு. அது என் வெட்டு” என்றான் ட்ரெவோர்.

கையை நீட்டினால் ஒருத்தன் மூக்கை இன்னொருத்தன் தொடலாம். அவ்வளவு பக்கம்.

டாங்வி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அக்கா! சொல்லுன்னேன்.”

“காது கேக்கலையா டாங்வி?”

ஆடுகள் முட்டி மோதின. அவள் இன்னொரு கோப்பையை எடுத்தாள். இட்வல் சலித்துப்போய் மகள் பக்கம் திரும்பினான். குழந்தையைப் பார்த்து, “சரி விடு, இவ கிழவியாயிட்டா. அடுத்த ஆள் வந்தாச்சு. என்னடி செல்லம், சீக்கிரம் நடக்கக் கத்துக்கோ, நான்ட்லாஸுக்கு ஓடணும்” என்றான். ட்ரெவோர்கூட இதற்குச் சிரித்துவிட்டான். அன்றைக்கு இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அந்தச் சிரிப்புதான்.

மெலரி சிரிக்கவில்லை. குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள். அத்தையை ஒரு தடவை பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். பிறகு சரிவில் இறங்கிப் போனாள்.

“இவளுக்கு என்ன வந்தது?” என்றான் இட்வல். கொம்பு உடைந்த ஆடு வாசலிலேயே நின்றது. கடைசியில் ட்ரெவோர்தான் நேராகப் பார்த்து, “காதைத் தூக்கிப் பாருடா, முட்டாள்” என்றான். “நாயைக் கொன்னவன் எனக்குச் சொல்றியா?” என்றான் இட்வல். சாயங்காலம்வரை அந்தப் பட்டியில் பேசின பேச்சைச் சபைக்காரர்கள் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பார்கள். ஆனால் நேருக்கு நேர் பேசினார்கள். ஆடு பிரிந்தது. சமாதானம் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து மெலரி வந்து கதவைத் தட்டினாள்.

“பதிஞ்சுட்டேன், அத்தை. நான்சின்னு வெச்சுட்டேன்.”

“நல்ல பேர்.”

“இந்த வட்டாரத்துல இது நாலாவது நான்சியாம். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பாக்கல.” குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். “இப்போ நிம்மதிதானே?”

டாங்வி ஜன்னலோரம் போய் நின்றாள். கேட்டது கிடைத்துவிட்டது. இனி இந்தப் பேர் அவளோடு சரி. கல்லறைக் கல்லில் ஒரு தடவை வெட்டுவார்கள், அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

“இல்லடி” என்றாள். “நான்தான் வேணாம்னேன். இருந்தாலும் வலிக்குது.”

“அய்யோ! மாத்த முடியுமான்னு கேட்டுப் பாக்கட்டுமா?”

“மாத்தினே, தொலைச்சுடுவேன்.” மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு திரும்பினாள். “கொடு இங்கே, நான்சியை.”